வன்வட்டு: ஹார்ட் டிஸ்க்குக்கு நம் சொல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் நாம் 'ஹார்ட் டிஸ்க்' என்றுதான் கேட்கிறோம். மலாயில் அது 'சக்கெரா கெராஸ்'. சக்கெரா வேறொன்றுமில்லை, நம் சக்கரம்தான். சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போனது. கெராஸ் என்றால் கடினம்.

தமிழில் வன்வட்டு, வன்தட்டு, நிலைவட்டு என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். எனக்கு வன்வட்டுதான் சரியாகப் படுகிறது. 'டிஸ்க்' என்பதன் வேர் கிரேக்கத்து 'டிஸ்கோஸ்'. விளையாட்டுப் போட்டியில் எறிகிற வட்டு அது. தமிழ்ப்பள்ளித் திடலில் நாம் வட்டெறிதல் என்று சொல்வதும் அதையே. வட்டு கணினிக்காகப் புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்று குறளிலேயே (401) வருகிறது. அங்கே அது விளையாட்டுக் காய். தட்டு சதுரமாகவும் இருக்கலாம், வட்டு வட்டமாகத்தான் இருக்கும்.

'வன்' எதற்கு? 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வட்டு இயக்கியில் 24 அங்குல அகலத்தில் 50 உலோக வட்டுகள் இருந்தன. அப்போது இந்த அடைமொழி தேவைப்படவில்லை. 1970-களில் வளையக்கூடிய ஃபிளாப்பி, அதாவது நெகிழ்வட்டு, பரவிய பிறகுதான் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'செக்டர்'. வட்டில் தரவை எழுதும் சிறு பகுதி அது. லத்தீனில் வெட்டுவது என்ற பொருளில் பிறந்தது. இதற்குக் 'கூறு' என்பது அருமையாகப் பொருந்தும். சந்தையில் மீனைக் கூறு போடுகிறோமே, அந்தக் கூறுதான். பழைய வட்டில் ஒரு கூறு 512 பைட். ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண் உண்டு.

பழைய மேசைக் கணினியில் 250 ஜிபி வன்வட்டைப் போட்டால் 137 ஜிபி மட்டும் தெரிவது இந்த எண்ணால்தான். அன்றைய பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள், கூறு எண்ணை 28 பிட்டில் (28 இரும இலக்கத்தில்) எழுதியது. அதற்குள் ஏறக்குறைய 268 மில்லியன் எண்களே அடங்கும். 512-ஆல் பெருக்கினால் 137 ஜிபி. விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதிலாக 1024 கணக்கில் எண்ணுவதால் அதையே 128 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, வட்டும் கெடவில்லை.

கூறு எண்ணை 48 பிட்டில் எழுதும் முறை, வட்டைக் கணினியோடு இணைக்கும் ஏடிஏ-6 தரத்தோடு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த ஆதரவு 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில், அதாவது புதுப்பிப்புத் தொகுப்பில், கிடைத்தது. ஆகவே பயாஸையும் விண்டோஸையும் புதுப்பித்துப் பாருங்கள். மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் இல்லையென்றால், 48 பிட் தெரிந்த வட்டு இணைப்புக் கார்டு ஒன்றை மதர்போர்டின் பிசிஐ துளையில் செருகி வட்டை அதில் இணைக்கலாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். வேறு கணினியில் முழு அளவுக்கு ஃபார்மட் செய்து நிரப்பிய வட்டை, 28 பிட்டோடு நிற்கும் கணினியில் மாட்டி எதையும் எழுதாதீர்கள். எல்லை தாண்டிய எண் சுற்றிக்கொண்டு தொடக்கக் கூறுகளுக்கே வந்து அங்குள்ளதை அழித்துவிடலாம். குடும்பப் படங்கள் இருந்தால் முதலில் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள், அப்புறம் வட்டில் கை வையுங்கள்.