மாத்திரை பிடிக்கும் வரைக்கும்

பத்து மாத்திரை அட்டையில் மூன்று அப்படியே இருந்தது. "ஏழு நாள் போட்டேன் டாக்டர். வயித்தைப் பிரட்டினதுதான் மிச்சம். நிறுத்திட்டேன்" என்றார் அந்த அம்மா. அவர்மேல் தப்பில்லை.

மனச்சோர்வுக்கு நாங்கள் வழக்கமாக எழுதும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவற்றில் தொந்தரவு முதல் வாரமே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப்பலனுக்கு இன்னும் கூடும். செத்துப்போகலாம் என்ற நினைப்போடு வருகிறவரிடம் "ஒரு மாதம் பொறுங்கள்" என்று சொல்லும்போது எனக்கே பயமாக இருக்கும்.

அதனால்தான் கெட்டமைனை இவ்வளவு கவனிக்கிறோம். 1970லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மயக்க மருந்து அது. 2006ல் அங்குள்ள தேசிய மனநல நிறுவனத்தில், பல மருந்துகளுக்கும் மசியாத 18 பேருக்குக் குறைந்த அளவில் 40 நிமிடம் நரம்பில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மனம் லேசாகத் தொடங்கியது! மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களில் பழைய மாத்திரைகள் செரோடோனினைத் தொட, இது குளுட்டமேட் என்ற இன்னொன்றின் பாதையில் போகிறது. ஆனால் ஒருமுறை ஏற்றியதன் பலன் பலருக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, கெட்டமைனின் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் மூக்கு ஸ்பிரேயையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறலாம், தன் உடம்பே தன்னுடையது இல்லாததுபோலத் தோன்றலாம். அதனால் குறைந்தது இரண்டு மணி நேரம் மருத்துவ மையத்திலேயே உட்காரவைத்துப் பார்க்கிறார்கள். "ஒரே ஊசியில் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், எத்தனை நாளைக்கு, யார் கூட இருந்து கவனிப்பார்கள் என்று கேளுங்கள்.

மாத்திரையை மறுபடி தொடங்கிய அந்த அம்மாவுக்கு ஆறு வாரத்தில் தூக்கம் வந்தது, அழுகை நின்றது. அப்புறம் தயங்கித் தயங்கி, "மளிகைக் கணக்கை மூணு தடவை கூட்டினாலும் மூணு விதமா வருது" என்றார். மனம் தேறின பிறகும் மறதியும் கவனச்சிதறலும் பலருக்குத் தங்கிவிடுகின்றன. எண்ணுக்கு உரிய குறியைச் சட்டென்று எழுதவைக்கும் ஒரு சின்னச் சோதனையில், வோர்டியாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்கள் முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் அதற்கும் வாரக்கணக்கு உண்டு. வேகமும் தெளிவும் சேர்ந்து தரும் மருந்துக்குக் காத்திருக்கிறோம்.

இப்போதெல்லாம் முதல் நாளே அட்டையின் பின்பக்கம் அடுத்த வாரத் தேதியை எழுதிக் கொடுத்து, பிரட்டல் எப்போது அடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டை வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும். இடையில் சாக வேண்டும் என்று தோன்றினால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே வந்துவிடுங்கள். ராத்திரியானால் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது; தமிழிலேயே பேசலாம்.