லவ், லைக், ஃபாண்ட், டியர்: தமிழில் எப்படிச் சொல்வது?

‘ஐ லவ் யூ, டாட்’ என்பதை ‘அப்பா, உங்களைக் காதலிக்கிறேன்’ என்று மொழிபெயர்த்துப் போட்டால் படிக்கிறவருக்கு உடம்பு கூசும். ஆனாலும் இந்தத் தவறு நடந்துகொண்டே இருக்கிறது. லவ் என்றதும் காதல் என்ற ஒரே சொல்தான் பலருக்குக் கைக்கு வருகிறது. ஆங்கிலத்தில் அம்மா, மனைவி, நாய்க்குட்டி, தோசை எல்லாவற்றுக்கும் லவ் பொருந்தும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் வேண்டும்.

முன்பு காதலுக்கும் இப்படிப் பரந்த பொருள் இருந்தது. குறளில் ‘காதல காதல் அறியாமை உய்க்கிற்பின்’ (440) என்னும் இடத்தில் காதல் என்பது அரசன் விரும்பும் பொருள்கள் மேல் உள்ள விருப்பம். ‘காதன்மை கந்தா’ (507) என்பது, வேண்டியவர் என்ற பாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அறிவில்லாதவரைப் பதவியில் வைப்பதைப் பற்றியது. காதலன் என்ற சொல்லுக்கு மகன் என்ற பொருளும் இலக்கியத்தில் உண்டு. இன்று அந்தச் சொல் ஆண் பெண் உறவோடு சுருங்கிவிட்டது. இன்றைய வாசகருக்கு எழுதும்போது இன்றைய பொருளைத்தான் மதிக்க வேண்டும். ஆகவே லவ் என்பதற்குப் பொதுவான தமிழ் அன்பு. காதலர் பேசும் இடத்தில் மட்டும் காதல்.

லவ் என்பது பழைய ஆங்கிலத்தின் லுஃபு என்ற சொல்லிலிருந்து வந்தது. பல ஐரோப்பிய மொழிகளுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொது மூதாதையான இந்தோ ஐரோப்பிய மொழியில் அதன் வேருக்கு ஆசைப்படுதல் என்று பொருள். சமஸ்கிருதத்தின் லுப் என்ற வினை அதே வேரில் முளைத்தது. அதிலிருந்து வந்த லோபம் பேராசையைக் குறிக்கிறது. தமிழில் நாம் கஞ்சனை லோபி, உலோபி என்கிறோமே, அந்தச் சொல் இதுதான். லவ்வும் லோபியும் தூரத்து உறவு! நம்பிக்கையைச் சொல்லும் பிலீவ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் இதுவே. ஒருவரை உயர்வாக நேசிப்பதும் அவரை நம்புவதும் அந்தக் காலத்து ஜெர்மானிய மொழிகளில் ஒட்டிப் பிறந்திருக்கின்றன.

லைக் எனக்கு மிகவும் பிடித்த சொல், அதன் இலக்கணத்துக்காக. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு ‘இன்பம் தருதல்’ என்று பொருள். பிடித்த பொருள்தான் எழுவாய், மனிதருக்கு நான்காம் வேற்றுமை. ‘இது எனக்கு இனிக்கிறது’ என்கிற அமைப்பு. பிறகு ஆங்கிலம் அதைத் திருப்பிப்போட்டு ‘நான் இதை விரும்புகிறேன்’ என்ற வடிவத்துக்குப் போய்விட்டது. தமிழ் இன்றும் அந்தப் பழைய இடத்திலேயே நிற்கிறது: எனக்குப் பிடிக்கும். அதனால் லைக் வரும் இடமெல்லாம் ‘நான் விரும்புகிறேன்’ என்று எழுதத் தேவையில்லை. ‘எனக்கு மழை பிடிக்கும்’ என்பதுதான் இயல்பான தமிழ்.

ஃபாண்ட் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. இடைக்கால ஆங்கிலத்தில் ஃபான் என்றால் முட்டாள். ஃபாண்ட் என்றால் புத்தி பேதலித்தவர். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னர் நாடகம் 1608-இல் அச்சானது. அதில் கிழட்டு அரசர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது ‘ஃபூலிஷ்’ என்பதையும் ‘ஃபாண்ட்’ என்பதையும் அடுத்தடுத்து வைக்கிறார். நான் ஓர் அசட்டுக் கிழவன் என்கிறார். அன்பு மிகுந்தால் அறிவு கொஞ்சம் விலகி நிற்கும் என்ற எண்ணத்தில் அசடு மெல்ல மெல்லப் பிரியமாக மாறியது. டோட் என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். முதலில் புத்தி தடுமாறுவது. பிறகு பிள்ளைக்கு அளவு கடந்து செல்லம் கொடுப்பது.

இந்த எண்ணம் நமக்கும் புதிதல்ல. ‘பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ என்ற பழமொழியில் அன்பும் பைத்தியமும் ஒரே சொல்லில் நிற்கின்றன. சுந்தரர் இறைவனைப் ‘பித்தா’ என்று கூப்பிட்டே பாட்டைத் தொடங்கினார். மையல் என்ற சொல்லும் இப்படித்தான்: ‘மையல் ஒருவன் களித்தற்றால்’ (838) என்ற குறளில் அது பித்துப் பிடித்தவனைக் குறிக்கிறது, காதல் பாட்டில் வரும்போது மயக்கம். இன்ஃபாச்சுவேஷன் என்பதற்கு மையலைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது என்பேன். அதன் நடுவே இருக்கும் லத்தீன் சொல்லுக்கும் அசடு என்றே பொருள்.

ஆனால் இன்றைய ஃபாண்டில் அந்தப் பைத்தியம் மிச்சமில்லை. அது மென்மையான, நாள்பட்ட பிரியம். ‘பாட்டிக்குப் பேரன் மேல் கொள்ளைப் பிரியம்’ என்றோ ‘பேரன் என்றால் பாட்டிக்கு உயிர்’ என்றோ எழுதினால் சரியாக இருக்கும். சாப்பாட்டுக்கும் இது செல்லும்: அவருக்கு அதிரசம் என்றால் உயிர்.

டியர் என்றால் முதலில் விலை உயர்ந்தது, மதிப்புள்ளது. பிரிட்டனில் சாமான் விலை அதிகம் என்று சொல்ல இன்றும் டியர் என்பார்கள். தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்துவது அருமை. கிடைப்பதற்கு அரியது எதுவோ அதுவே நெஞ்சுக்கு நெருக்கமானது. ‘அருமை மகளே’ என்று கடிதம் எழுதுகிறோம், ‘அருமை பெருமையாக வளர்த்த பிள்ளை’ என்கிறோம். டியர் சார் மட்டும் வேறு. அது வெறும் மரியாதைக்கு எழுதுவது, அன்புள்ள ஐயா போதும். டார்லிங் என்பது டியரோடு ஒரு விகுதி சேர்ந்த வடிவம். குழந்தையிடம் சொன்னால் கண்ணே, செல்லமே.

அஃபெக்ஷன் என்பதைப் பலர் பாசம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பாசம் என்றால் கயிறு. யமன் கையில் இருப்பது பாசக்கயிறு. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்னும்போது அது உயிரைக் கட்டிவைக்கும் தளை. அதனால்தான் அண்ணன் தங்கை, தாய் பிள்ளை என்று அறுக்க முடியாத உறவுக்கு அந்தச் சொல் இவ்வளவு பொருந்துகிறது. அஃபெக்ஷனுக்கோ ‘மனத்தில் பதிந்து அதை மாற்றுவது’ என்ற லத்தீன் மூலம். அதில் கட்டு எதுவும் இல்லை. ஆசிரியர் மாணவரிடமும், பக்கத்து வீட்டார் நம்மிடமும் காட்டும் இதமான அன்பு அது. அங்கே வாஞ்சை என்று போடலாம், பிரியம் என்றும் போடலாம். ‘வாஞ்சையோடு தலையைத் தடவினார்’ என்ற வாக்கியத்தில் வாஞ்சையை எடுத்துவிட்டுப் பாசத்தை வைத்துப் படித்துப் பாருங்கள். தடவியவர் உறவுக்காரர் ஆகிவிடுவார்.