டன் கணக்கில் விலை போடாதீர்கள்

"கிலோவுக்கு இவ்வளவுன்னு ரேட் போட்டுக் கொடுத்தேன் சார். இன்னிக்கு வரைக்கும் பதிலே இல்ல."

திருச்சி அருகே துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்தும் ஒருவர் என்னிடம் சொன்னது இது. இருபது வருடங்களுக்கு மேல் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் பாய்லர் வேலையை எடுத்துச் செய்தவர். பாதுகாப்புத் துறைக்கு உதிரிபாகம் செய்வது பற்றி அதிகாரிகள் நடத்திய கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கே காட்சிக்கு வைத்திருந்த ஒரு பாகத்துக்குத்தான் அந்த ரேட். டிராயிங்கை வாங்கிப் பார்த்தேன். அவருடைய வெல்டர்களுக்குக் கைவந்த வேலை. எனக்கு மனசு ஆறவில்லை.

பெல் வேலையில் தகடும் குழாயும் அங்கிருந்தே வரும். வெட்டிப் பற்றவைத்துத் திருப்பி அனுப்பினால் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. தலைமுறையாக நம் பட்டறைகள் பழகிய கணக்கு அது. பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் கேட்பது முடிந்த பொருளை. இரும்பை நாமே வாங்க வேண்டும். டிராயிங்கில் உள்ள இரும்பு ரகம் (கிரேடு) அரிதானதாக இருந்தால், ஐம்பது கிலோ போதும் என்றாலும் வியாபாரி அதை அறுத்துத் தரமாட்டார். லேப் சோதனை, பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சர், அளவு சரிபார்க்கும் கேஜ், முதல் சாம்பிள் திரும்பி வந்தால் மறுபடி செய்யும் செலவு, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மாதங்களுக்கான வட்டி, இத்தனையும் விலைக்குள் வந்தாக வேண்டும்.

விலை போடுவதற்கு முன் தரப் பரிசோதனைத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தச் சோதனை, எத்தனை துண்டுக்கு ஒன்று, யார் முன்னிலையில் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு விஷயத்தில் நம்மவர்கள் முன்னால் நிற்கிறார்கள். பாய்லர் வேலை செய்தவருக்குத் தகட்டை வெட்டும்போதே, அது எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரைத் துண்டுக்குத் துண்டு மாற்றிப் பொறிக்கத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. அதற்குச் சான்றாக இருக்கும் உங்கள் பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம் மாநிலப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில்தான் தொடங்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவையும் அதில் உண்டு, பொறுப்பு தமிழக அரசின் டிட்கோ நிறுவனத்திடம். கூட்டத்தில் இதையெல்லாம் விரிவாகச் சொல்வார்கள். யாரிடம் போய் நிற்பது என்பதில்தான் குழப்பம். 2021 அக்டோபர் 1 முதல் பழைய படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகிவிட்டன. திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனியில், பீரங்கிக் குண்டுகளுக்கான கன உலோகப் பாகம் செய்யும் ஹெச்.ஏ.பி.பி. இன்னொன்றில். ஓரிடத்தில் வெண்டராகப் பதிந்தால் மற்றதற்கும் செல்லும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

2020 ஆகஸ்டில் வந்த, பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஸ்ரிஜன்' இணையதளத்தை அவசியம் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் எந்தப் பாகத்தை இங்கே செய்ய ஆள் தேடுகிறார்கள் என்பது அதில் தெரியும். அங்கே விருப்பம் தெரிவிப்பது ஆர்டர் ஆகாது. அதை நம்பி மெஷினுக்குக் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதே அமைச்சகத்தின் 'ஐடெக்ஸ்' மானியம் வேறு. அது புதுக் கண்டுபிடிப்புக்கு. டிராயிங்படி பாகம் செய்து தருபவருக்கு அல்ல.

உத்யம் எனும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இல்லாதவர்கள் முதலில் அதை முடியுங்கள். குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்பது விதி. டெண்டர் முன்வைப்புத் தொகையிலும் விலக்கு உண்டு. பதிவுக்குக் கட்டணமே கிடையாது. "வெண்டர் ஆக்கித் தர்றேன், உள்ளே ஆள் இருக்கு" என்று பணம் கேட்டு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். புகாருக்கு மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. ஆனாலும் பணம் தள்ளிப்போனால் எத்தனை மாதம் தாங்குவோம் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முதலில் சொன்னவர் அதே பாகத்துக்கு மறுபடி விலை போடுகிறார். இரும்புக்கு மூன்று இடத்தில் கேட்டாயிற்று. லேப் கட்டணம் மட்டும் தெரிய வேண்டியிருக்கிறது.