அரசூர் வைரஸும் ஐஸ் பெட்டியும்

சந்தையில் வாங்கிய நாலு ஆடுகளைப் பட்டியில் சேர்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "வெறும் கழிச்சல்தான் சார், தழை மாத்திப் போட்டேன், அதுல வந்திருக்கும்" என்றார் பெரியவர். ஒரு கிடாவின் வாயைத் திறந்தேன். குப்பென்று அழுகல் நாற்றம். ஈறு முழுக்கத் தவிடு ஒட்டினாற்போல் படிந்திருந்தது. சளி காய்ந்து மூக்கை அடைத்திருந்தது, காய்ச்சல் 105 டிகிரி. ஆட்டுக்கொல்லி நோய்.

பெரியவருக்கு மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் நினைவிருந்தது. அந்த வைரஸுக்கு இது நெருங்கிய உறவு. மனிதரின் தட்டம்மை வைரஸும் இதே குடும்பம்தான். 1942இல் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய், இந்தியாவில் முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே செம்மறிகளிடமிருந்து எடுத்த வைரஸையே பிறகு தடுப்பூசியாக்கினார்கள். குரங்கின் சிறுநீரகச் செல்களில் அதைத் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். நோய் உண்டாக்கும் வீரியம் போய், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் குணம் மட்டும் தங்கியது. இமாச்சலத்தின் சுங்ரியில் கிடைத்த வைரஸிலிருந்தும் இப்படி ஒரு தடுப்பூசி வந்தது. மரபணு அடிப்படையில் இந்த வைரஸில் நாலு கிளைகள் உண்டு. ஆனாலும் ஒரே ஊசி நான்கையும் தடுக்கும். ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்று வருடம் தாங்கும். ஆராய்ச்சி இதைவிட வேறென்ன தர வேண்டும்!

சரி, அப்புறம் ஏன் ஆடுகள் சாகின்றன? வெயில் ஒரு காரணம். தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ், சூடு பட்டால் செத்துவிடும். தடுப்பூசிக் குப்பியைக் கேரி பேக்கில் போட்டு, பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு மதிய வெயிலில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குப்பியில் மருந்து இருக்கும், பலன் இருக்காது. கரைத்த மருந்தை ஐஸிலேயே வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். வெப்பம் தாங்கும் தடுப்பூசிக்கான வேலையை இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் செய்திருக்கிறது. அது கிராமம்வரை வந்து சேரும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன்.

குட்டிகளுக்கு மூன்று, நாலு மாதம் ஆன பிறகு போடுங்கள். அதற்கு முன் போட்டால், சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்பே ஊசி மருந்தை முறித்துவிடும்.

இன்னொரு காரணம் சந்தை. வைரஸ் உடம்பில் நுழைந்து நாலைந்து நாள் ஆடு நன்றாகத்தான் மேயும், விலை பேசும்போது யாருக்கும் தெரியாது. புது ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். வெக்கை நோயை 2011இல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டோம். ஆட்டுக்கொல்லிக்கு 2030 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

அன்று வைரஸுக்கு என்னிடம் மருந்து இல்லை. நிமோனியா முற்றாமலிருக்க ஆன்டிபயாடிக், நீரிழப்புக்குக் குளுக்கோஸ் என்று போராடியும் பதினோரு ஆடுகள் போயின. இப்போது பெரியவர் வீட்டுக் கொல்லையில் தனியாக ஒரு தட்டி அடைப்பு இருக்கிறது. சந்தை ஆடுகள் முதலில் அங்கேதான் இறங்குகின்றன.