ஸ்டாக் படம்: முதலில் கணக்கு, அப்புறம் கையெழுத்து

ஸ்டாக் தளங்கள் என்றால், நாம் ஏற்றும் படங்களை விளம்பரம் போன்ற தேவைகளுக்கு மற்றவர்களுக்கு விற்று, நமக்கு ஒரு பங்கு தரும் இணையதளங்கள். அவற்றுக்குப் படம் ஏற்ற ஆரம்பித்து எனக்கு 12 வருடம் ஆகிறது. "வேலையை விட்டுட்டு முழுநேரமா இதுல இறங்கலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் கேமராவைப் பற்றிப் பேசுவதே இல்லை. முதலில் கணக்குப் போடச் சொல்கிறேன்.

அப்படி ஒரு தளமான ஷட்டர்ஸ்டாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி, படம் எடுத்தவருக்குப் பங்கு 15 முதல் 40 சதவீதம். விற்பனை கூடக்கூடப் படி ஏறலாம். ஆனால் ஜனவரி 1 பிறந்தால் எல்லோரும் மறுபடி கீழ்ப்படியில்தான். சந்தா கட்டியவர் ஒரு படத்தை இறக்கினால் வெறும் 10 சென்ட் வருவதும் உண்டு. அந்த விகிதத்தில் 100 டாலர் சேர 1000 முறை இறக்கியிருக்க வேண்டும். இன்னொரு தளமான அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35. இந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்கி லென்ஸ் வாங்காதீர்கள்.

சரி, எதுதான் விற்கிறது? என்னுடைய படங்களில் அதிகம் போனது, ஒழுகும் குழாயை ஸ்பேனரால் இறுக்கும் ஒரு கை. இடது பாதி வெறும் சுவர். வாங்குகிறவர் தன் விளம்பர வாசகத்தை அந்தச் சுவரில் வைத்துக்கொள்கிறார். எடுக்க 20 நிமிடம்தான் ஆனது. தேடுகிறவர் கண்ணில் படம் படுவதற்காகச் சேர்க்கும் குறிச்சொற்களுக்கு அதைவிட நேரம் பிடித்தது. அடோபியில் 49 சொற்கள் வரை போடலாம், முதல் 10 சொற்களுக்குத்தான் மதிப்பு அதிகம். சூரிய அஸ்தமனம் ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடக்கிறது.

அப்புறம் கையெழுத்து. முகம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க, அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. செருப்பில் லோகோ தெரிந்தாலே படம் திரும்பி வரும். ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம். இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனிக் காப்புரிமை இருக்கிறது.

ஆனால் கையெழுத்து வாங்கியதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது. என் தோழி ஒருத்தி, மேசையில் முழங்கையை ஊன்றித் தலையைப் பிடித்தபடி எனக்காக உட்கார்ந்தாள். படிவத்தில் கையெழுத்தும் போட்டாள். இரண்டு வருடம் கழித்து அந்தப் படம் மனநோய் சிகிச்சை விளம்பரம் ஒன்றில் வந்தது. "ஆபீஸ்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க" என்று போனில் அழுதாள். ஒருவரை நோயாளியாகக் காட்டுவதைப் பல தளங்களின் உரிமம் அனுமதிப்பதில்லை; சில, 'படத்தில் இருப்பவர் மாடல்' என்ற குறிப்பையாவது கேட்கின்றன. அந்த விளம்பரத்தில் குறிப்பு எதுவும் இல்லை. புகார் கொடுத்தோம், எடுத்துவிட்டார்கள். அவளைப் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

அன்றிலிருந்து பேனாவை நீட்டும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: "இந்தப் படம் எங்கே வரும்னு உங்களையும் கேக்க மாட்டாங்க, என்னையும் கேக்க மாட்டாங்க." யோசித்துவிட்டு வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களை அடோபி ஸ்டாக் 2022 கடைசியிலிருந்து ஏற்கிறது. வெள்ளைப் பின்னணியில் ஓர் ஆப்பிள் மாதிரியான படங்களுக்கு இனி பெரிய எதிர்காலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நிஜ மனிதர்கள், நிஜ வேலை, ஒழுங்கான ஒப்புதல் படிவம் என்று போகிறவர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

வேலையில் இருந்துகொண்டே ஒரு முழு வருடம் படங்களை ஏற்றிப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் கையில் வந்த தொகையை 12 ஆல் வகுத்து, உங்கள் மாதச் செலவுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ராஜினாமாவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.