பந்து தரையைத் தொடும் முன்பே பார்க்க வேண்டியவை

"பையன் செஞ்சுரி அடிச்சிருக்கான்" என்று யாராவது சொன்னால் நாம் முதலில் தேடுவது ஸ்கோர் அட்டையை. இளம் பேட்ஸ்மேனை எடைபோட அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆறு இன்னிங்ஸில் ஒருவன் 4, 31, 8, 112 நாட் அவுட், 5, 20 என்று எடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 ரன், அவுட்டானது ஐந்து முறை, சராசரி 36. அந்தச் சதத்தை எடுத்துவிட்டால் சராசரி 13.6-க்கு விழுந்துவிடும். சதமடித்த அன்று பத்து ரன்னில் அவன் கொடுத்த கேட்ச்சை யாரோ கோட்டைவிட்டிருந்தாலும் அட்டை அதைச் சொல்லாது.

சரி, வேறெதைப் பார்ப்பது? அவனுடைய கண்ணை.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, சுமார் 17.7 மீட்டர் தள்ளி நிற்கும் பேட்ஸ்மேனை அரை விநாடிக்குள் வந்தடைகிறது. கண்ணில் பட்டதற்கு ஏற்ப உடலசைவை மாற்றவே சுமார் 0.2 விநாடி போய்விடும். தேர்ந்த ஆட்டக்காரருக்கும் இதில் பெரிய சலுகை கிடையாது. பந்து பிட்ச்சாகி, அதாவது தரையில் பட்டு, கடைசி நேரத்தில் திரும்பினால் அவரும் திணறத்தான் செய்வார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெவ்வேறு தரத்து ஆட்டக்காரர்கள் மூவரின் கண்ணசைவைப் பதிவுசெய்து 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். "பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே" என்று எல்லா கோச்சும் சொல்வார்களே, அதை ஒருவர்கூடச் செய்யவில்லை! பந்து கிளம்பும்போது பார்க்கிறார்கள். அப்புறம் அது பிட்ச்சாகப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிக் காத்திருக்கிறது. மூவரில் சிறந்தவரின் கண் சீக்கிரமே தாவியது.

மைதானத்தில் கண்ணசைவை அளக்க முடியாது, ஆனால் காலைப் பார்க்கலாம். லெங்த்தை, அதாவது பந்து எவ்வளவு தள்ளி விழும் என்பதை, சீக்கிரம் கணித்தவன் முன்னாலோ பின்னாலோ முழுசாகப் போவான். தாமதித்தவன் பேட்ஸ்மேன் நிற்கும் கோடான கிரீஸிலேயே அரைகுறையாக நிற்பான். "இவனுக்கு நேரம் நிறைய இருக்கு" என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தயங்காமல் விட்டுவிடுகிறானா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பேட்டைத் தூக்கும் அழகுக்கு நான் அவ்வளவு மதிப்பெண் தரமாட்டேன். ஆஸ்திரேலிய ஜாம்பவான் டான் பிராட்மேன் பேட்டை நேராகத் தூக்காமல், விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் ஃபீல்டர்கள் நிற்கும் ஸ்லிப் பக்கமாகத்தான் கொண்டுபோவார். அவரது டெஸ்ட் சராசரி 99.94.

ரன் சேர்க்கும் பாணியை ஸ்ட்ரைக் ரேட்டை (நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பதை) மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இருவர் ஆளுக்கு 60 பந்தில் 48 ரன் எடுக்கிறார்கள். இருவருக்கும் ஸ்ட்ரைக் ரேட் 80. முதலாமவன் 12 ஃபோர் அடித்து மீதி 48 பந்தையும் ரன் எடுக்காத டாட் பால் ஆக்கியவன். இரண்டாமவன் 40 சிங்கிள், 4 டபுள், 16 டாட் பால். முதலாமவனைக் கட்டிப்போட பவுண்டரியில் இரண்டு ஃபீல்டரைக் கூடுதலாக நிறுத்தினால் போதும். இரண்டாமவனுக்கு ஃபீல்டு வைப்பதற்குள் கேப்டனுக்குத் தலை சுற்றிவிடும்.

ஆனாலும் முதலாமவனை உடனே ஒதுக்கிவிடக் கூடாது. அவனது ஃபோர்கள் இடைவெளி பார்த்துப் போனவையா, ஃபீல்டர் தலைக்கு மேலே பலத்தால் போனவையா என்று கவனிக்க வேண்டும். 14 வயதில் சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையன் வெறும் பலத்திலேயே பந்தைத் தாண்டவிடுவான். கூட ஆடுகிறவர்கள் உயரத்தில் அவனை எட்டிப்பிடிக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை அவன் விஷயத்தில் முடிவெடுக்காமல் இருப்பதே நல்லது.