சூடு மிதிக்கும் இலத்திரன்கள்

"லைட் எரியுது, தட்டுச் சுத்துது, உறுமலும் கேக்குது. தேத்தண்ணி மட்டும் சுடுகுதில்லை அண்ணை."

கிளிநொச்சியில் எங்கள் சந்தியிலுள்ள திருத்தக் கடையில், மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த மைக்ரோவேவ் அடுப்பை வைத்துவிட்டுச் சொன்னேன். கடைக்காரர் மூடியைக் கழற்றியதும் முதலில் கப்பாசிற்றரில் தங்கியிருந்த மின்னை இறக்கினார். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது ஆளைக் கொல்லக்கூடிய மின்னை வைத்திருக்கும். பழக்கமில்லாதவர் கைவைக்கிற இடமில்லை. அப்புறம் உள்ளேயிருந்து கைக்குள் அடங்கும் ஒரு பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதுதான் மக்னெற்றோன், சாப்பாட்டைச் சூடாக்கும் நுண்ணலையை உண்டாக்குகிற உறுப்பு.

முன்பு பழுதான ஒன்றை அவர் குறுக்கே அறுத்தும் வைத்திருந்தார். செப்பு உருளை. நடுவில் சின்னிவிரல் நுழையுமளவு துளை. சுற்றிவரப் பத்துச் செப்புத் தகடுகள், குறுக்கே வெட்டிய தோடம்பழத்தின் சுளைகளைப் பிரிக்கும் தோல்களைப் போல. நட்டநடுவே ஒரு சுருள் இழை. உருளைக்கு மேலும் கீழும் வளையக் காந்தங்கள். அசைகிற உறுப்பு என்று எதுவுமில்லை.

சுருள் இழை பழுக்கச் சூடானதும் இலத்திரன்கள் வெளியே வருகின்றன. சுற்றியுள்ள செப்புக்கும் இழைக்கும் இடையே ஏறத்தாழ 4000 வோல்ற்று. சும்மா விட்டால் நேரே செப்பில் போய் முட்டி அதைச் சூடாக்கும், அவ்வளவுதான். காந்தம் அப்படிப் போக விடாது. ஓடுகிற இலத்திரனைப் பக்கவாட்டில் வளைத்து, இழையைச் சுற்றிச்சுற்றி வர வைக்கும்.

வெறும் சோடாப் போத்தலின் வாயில் ஊதினால், குழம்பிய காற்றோட்டத்திலிருந்து போத்தல் தனக்குரிய ஒரு சுருதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். தகடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களும் அப்படித்தான். அவற்றின் சுருதி செக்கனுக்கு 245 கோடி அதிர்வு, அதாவது 2.45 கிகாஹேர்ட்ஸ். அதிர்வு தொடங்கியதும் தகட்டு வாய்களில் மின்புலம் முன்னும் பின்னும் மாறுகிறது. அந்தப் புலம் தடுக்கும் இலத்திரன் தன் சக்தியை அலைக்குக் கொடுத்துவிட்டு, செப்பை நோக்கிச் சற்று விலகி, அடுத்த தகட்டிலும் கொடுக்கிறது. புலம் உந்திவிட்ட இலத்திரனோ அலையிடமிருந்து சக்தியை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது வளைந்து திரும்பி இழையிலேயே மோதி ஆட்டத்திலிருந்து போய்விடும். கொடுப்பது நிற்கிறது, எடுப்பது வெளியேறுகிறது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தெரிவுதான்.

நின்றவை சிதறி நிற்பதில்லை. வன்னியில் வெட்டுமிஷின் வருமுன் களத்தில் சூடு மிதித்ததை, அதாவது மாடுகளை விட்டுக் கதிரை மிதித்து நெல் பிரித்ததை, பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும். நடுக்கம்பத்திலிருந்து வரிசையாகப் பிணைத்த மாடுகள், உள்மாடு மெல்ல, வெளிமாடு எட்டி நடந்து, வரிசை கலையாமல் வட்டமிடும். மக்னெற்றோனுக்குள் இலத்திரன்கள் அப்படி ஐந்து வரிசைகளாகச் சேர்ந்து சுற்றுகின்றன. பத்து வெற்றிடங்களுக்கு ஐந்து வரிசை, செக்கனுக்கு 49 கோடிச் சுற்று. மாடு வரிசையில் தன் இடத்திலேயே நிற்கும், இலத்திரன் வரிசைக்குள் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் வித்தியாசம். தனித்தனியாக வந்தால் ஒன்றின் உதவியை மற்றது கெடுக்கும். வரிசையாக, அலையின் தாளத்தில் வருவதால் கொடுத்தது எல்லாம் கூடிச் சேர்கிறது. மக்னெற்றோனுக்குக் கிடைக்கும் வலுவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அலையாகிவிடும்.

செப்புக் கட்டியில் வெற்றிடங்கள் குடைந்த இந்த வடிவத்தை 1940 பெப்ரவரியில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரண்டால், பூட் என்ற இருவர் இயக்கிக் காட்டினார்கள். தேவை ராடருக்கு. சோறு சூடாக்கும் யோசனை பிறகு வந்தது.

இலத்திரன்களைச் சுற்றவிடாமல், நேர்கோட்டில் ஓடும் கற்றையிலும் இப்படித் திரட்டிச் சக்தியை எடுக்கலாம். வவுனியாவில் பிந்திப் புறப்பட்ட தனியார் பஸ் விரட்டிக்கொண்டு வரும், முந்திப் போன அரச (இ.போ.ச.) பஸ் ஆடியசைந்து போகும், மாங்குளத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். 1937இல் வேரியன் சகோதரர்கள் உருவாக்கிய கிளைஸ்ட்ரோன் என்ற நுண்ணலைக் கருவியில் முதல் வெற்றிடம் முந்திய இலத்திரன்களை மெதுவாக்கும், பிந்தியவற்றை விரட்டும். வழியில் அவை திரள்களாகும். கடைசி வெற்றிடம் திரளின் சக்தியைப் பறித்துக்கொள்ளும்.

வலுவைக் கிகாவாட்டுக்கு, அதாவது நூறு கோடி வாட்டுக்குக் கொண்டுபோனால் கதை மாறும். லட்சக்கணக்கான வோல்ற்று, ஆயிரக்கணக்கான அம்பியர். ஐந்து லட்சம் வோல்ற்றில் இலத்திரன் ஒளியின் வேகத்தில் 86 வீதத்தை எட்டிவிடும், அதற்குமேல் உந்தினாலும் வேகம் பெரிதாகக் கூடாது. எனவே வேகத்தை மாற்றித் திரளாக்குவது கடினம். போதாக்குறைக்கு, இலத்திரன்களை வெளிவிடும் கதோட்டிலிருந்து கிளம்பும் பிளாஸ்மா (மின்னேறிய வாயு) இடைவெளியை நிரப்பி அலைத் துடிப்பை அணைத்துவிடும். அதனால் துடிப்பு நனோசெக்கன் (செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில்தான். ஒரு கிகாவாட் 50 நனோசெக்கன் நீடித்தால் மொத்தம் 50 யூல். ஐந்து கிலோ அரிசிப்பையை ஒரு மீற்றர் உயரத் தூக்குகிற சக்தி! பெயர்தான் பயங்கரம்.

சரி, என் அடுப்பு? கடைக்காரர் வளையக் காந்தத்தைத் திருப்பிக் காட்டினார். மயிரிழை போல ஒரு வெடிப்பு. "காந்தம் போட்டுது தம்பி." வளைக்க ஆளில்லாமல் இலத்திரன்கள் நேரே செப்பில் முட்டியிருக்கின்றன. தேத்தண்ணிக்குப் போக வேண்டிய சூடு செப்புக்குப் போயிருக்கிறது. மக்னெற்றோனையே மாற்ற வேணும் என்றார். விலையைக் கேட்டுவிட்டு, இப்போதைக்கு விறகடுப்பு போதும் என்று வந்துவிட்டேன்.